பம்பாயிலிருந்து ஒரு வாய்தாவுக்கு

நீடாமங்கலம் தபாலாபீஸில் தந்தி குமாஸ்தாவாக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் கையால் போன தந்திகளில் பாதி சாவுச் செய்தி. மீதியெல்லாம் பெண் பார்க்க வருகிறோம், வரவில்லை என்கிற ரகம். அனுப்பிய மறுநிமிஷம் மறந்துவிடுவேன். மறக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது வைரக்கண்ணுவுக்கு அனுப்பியது. அதை அனுப்பியிருக்கவே வேண்டாம் என்பது மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

வைரக்கண்ணு எங்கள் ஊர்க்காரன். ஊர் நல்லிக்குடி, நீடாமங்கலத்துக்குத் தெற்கே மூன்று மைல். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் அப்பா கலியபெருமாள் பண்ணையிடம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்குச் செய்துவந்தார். எல்லாம் வாய்ச்சொல். ரசீது கேட்டால் பண்ணையாருக்கு முகம் சுருங்கிவிடும் என்று கலியபெருமாள் கடைசிவரை கேட்கவில்லை. அவர் போனபின் இரண்டு வருஷம் விளைச்சல் கைவிட்டது. வைரக்கண்ணு மாயவரத்துக்குப் போய் லாரியில் ஏறினான். ஏறியவன் இறங்கவே இல்லை. முதலில் மதராஸ், பிறகு பெங்களூர், பிறகு பம்பாய் என்று தூரம் நீண்டுகொண்டே போனது. கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போவான். திரும்பும்போது ஆயில் எஞ்சின், துணி, எது கிடைக்கிறதோ அது. மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த நாலு நாளிலும் முக்கால்வாசி தூக்கம்.

ஆளைப் பார்த்தாலே தொழில் தெரியும். வலது கை மட்டும் வெயிலில் கறுத்து, இடது கை வேறு யாருடையதோ போல இருக்கும். ஆனால் யாராவது "என்ன தொழில்?" என்று கேட்டால் "விவசாயம்" என்பான். நான் சிரிப்பேன். அவன் சிரிக்க மாட்டான்.

வயலைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி அகிலாண்டம். பார்த்துக்கொண்டது என்று எழுதுவதே தப்பு. நாற்று விட்டாள், நட்டாள், களை பறித்தாள், தண்ணீருக்குச் சண்டை போட்டாள், அறுத்தாள். ஏர் மட்டும் கூலிக்கு. ஆனால் ஊரில் கேட்டால் "வைரக்கண்ணு வயல்" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்வது எழுபத்திரண்டாம் வருஷம். ஆட்சி மாறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் வரப்புக்கு வரப்பு கொடி. ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் கறுப்பு சிவப்பு. அறுப்புக்குப் போலீஸ் காவல் நின்ற ஊர்களும் உண்டு. குத்தகைக்குச் செய்கிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஏறிவிட்டால் பண்ணையார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனால் பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்வதே அந்த வருஷம் பண்ணை ஏஜெண்டுகளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பண்ணைக்கு ஏஜெண்டு பஞ்சநதம். வெற்றிலை போட்ட வாயோடு இனிக்க இனிக்கப் பேசுவார். வைரக்கண்ணு மனு போட்டதும், "அந்த ஒன்பது மா பண்ணையின் சொந்தச் சாகுபடி, குத்தகையே கிடையாது" என்று எதிர்மனு கொடுத்துவிட்டார்.

விசாரணைக்கு ஆவணி முடிந்துதான் நாள் குறித்திருந்தார்கள். அதை நம்பி வைரக்கண்ணு பம்பாய்க்குப் போய்விட்டான். போன நாலாம் நாள், திங்கட்கிழமை காலை, வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. விசாரணையை முன்னுக்குத் தள்ளியிருக்கிறது, வியாழன் பதினொரு மணிக்கு மன்னார்குடி தாலுகா ஆபீஸில் ஆஜராக வேண்டும், தவறினால் ஒருதலையாக முடிவு செய்யப்படும். யார் வேலை இது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அகிலாண்டம் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். காலில் சேறு காயவில்லை.

"அண்ணே, இதுக்கு நான் போனா ஆவாதா?"

நான் நோட்டீஸைப் படித்தேன். "இதுல உன் பேரா போட்டிருக்கு? வைரக்கண்ணுன்னுல்ல இருக்கு. நீ போயி நின்னா என்ன கேப்பாங்க, நீ என்ன சொல்லுவே?"

"கேக்குறத சொல்லுவேன்."

"அதெல்லாம் நடக்காதும்மா. அவன் வந்தாவணும்."

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் பாருங்கள். சட்டம் படித்தவன் மாதிரி. பம்பாயில் எங்கள் பக்கத்து லாரிகள் நிற்கும் புக்கிங் ஆபீஸ் முகவரி அவளிடம் இருந்தது. "வியாழன் விசாரணை, உடனே புறப்படு" என்று நானே தட்டினேன்.

அது செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு அவன் கையில் கிடைத்தது. வண்டியில் ஆயில் எஞ்சின் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். பம்பாயிலிருந்து மன்னார்குடி ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். சுமை வண்டியை இரண்டு டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டினாலும் சாதாரணமாக நாலு நாள் ஆகும். அவனுக்கு இருந்தது நாற்பத்தாறு மணி நேரம்.

கூட இருந்த டிரைவர் மீரா உசேன். நாகூர்க்காரர், ஐம்பது தாண்டியவர். அவருக்கு ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பகல் அவருக்கு, இரவு வைரக்கண்ணுவுக்கு என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். அன்றும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். கண்டாலா மலை ஏறி பூனா வரை பாய் ஓட்டினார். இருட்டியதும் வைரக்கண்ணு உட்கார்ந்தான். சதாரா, கோலாப்பூர் என்று விடிய விடிய ஓட்டி, பெல்காமில் பொழுது புலர வண்டியை நிறுத்தி, "பாய், எறங்குங்க, உங்க முறை" என்றான்.

பாய் எழுந்திருக்கவில்லை. தொட்டால் சுட்டது. குளிர்காய்ச்சல், பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன் என்று இவன் வண்டியைத் திருப்பப் பார்த்தான்.

"பாஷை தெரியாத ஊர்ல என்னைப் போட்டுட்டுப் போவியா? ஓட்டு. செத்தா நம்ம ஊருல சாவுறேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க பாய்."

"அப்ப பேசாம ஓட்டு."

ஒரு கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் போர்வையைச் சுற்றிப் படுக்கவைத்து, அந்தப் பகலையும் வைரக்கண்ணுவே ஓட்டினான். ஹூப்ளி, தாவண்கெரே, சித்ரதுர்கா. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். பச்சை மிளகாயை நறுக்கென்று கடித்தான். டீ குடித்துக் குடித்து நாக்கு மரத்துப்போயிற்று. தும்கூருக்கு முன்னால் சாலையோரப் புளியமரங்கள் குனிந்து கும்பிடுவதுபோலத் தெரிந்ததாம். பதில் கும்பிடு போடக் கையை எடுத்துவிட்டு, பயந்துபோய் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான். இதை என்னிடம் சொன்னபோது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தந்தியைத் தட்டிய விரல் என்னுடையது.

பெங்களூர் தாண்டியதும் பாய்க்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. இவன் தலை தொங்குவதைப் பார்த்துவிட்டார். பேச்சுக் கொடுத்தால்தான் பிழைப்போம் என்று படுத்தபடியே தாசில்தார் ஆகிவிட்டார்.

"உம்ம பேரு என்னய்யா?"

"வைரக்கண்ணுங்க. தகப்பனார் கலியபெருமாள்."

"எத்தனை மா?"

"ஒம்பது மாங்க."

"வடக்கால யாரு வயல்?"

"ராசம்மாள் வயலுங்க."

"என்ன நெல்லு போட்டிருக்கே?"

"ஏடிடி இருபத்தேழுங்க."

"சத்தமாச் சொல்லு. தூங்குற மாதிரி சொன்னா எவன் நம்புவான்?"

ஓசூர் சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் போயிற்று. அதன்பிறகு கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் என்று வழிநெடுக இதே பாடம். ஆனி மாதம் ஊருக்கு வந்திருந்தபோது அவனே கைப்பட நாற்றங்காலில் தெளித்துவிட்டுப் போன விதைதான் அந்த ஏடிடி இருபத்தேழு. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் குரல் ஓங்கும் என்பார் பாய். திருச்சியில் வெயில் ஏறியது. தஞ்சாவூரில் நிறுத்தி முகத்தை மட்டும் கழுவினான். மன்னார்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் லாரி வந்து நின்றபோது மணி பத்தே கால்.

நான் லீவு போட்டுவிட்டு அங்கே நின்றிருந்தேன். அகிலாண்டம் நல்லிக்குடியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். லாரியிலிருந்து அவன் இறங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. கால் தரையில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். காக்கிச் சட்டையில் டீசல் வாடை.

"வந்துட்டேன்ல?" என்றான்.

"வந்துட்டீங்க. உக்காருங்க" என்றாள் அகிலாண்டம்.

பாயை ஒரு ரிக்ஷாவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது வைரக்கண்ணு வராந்தாச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். "என்ன கேட்டாலும் சொல்லிடுவேன். எல்லாம் பாடம்" என்றான். நான் வெற்றிலை வாங்கப் போய்வருவதற்குள் தூங்கிவிட்டான். கூப்பிட நேரமிருக்கிறதே, கொஞ்சம் தூங்கட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது ஒரு முட்டாள்தனம்.

பன்னிரண்டு மணிக்கு டவாலி வெளியே வந்து கூப்பிட்டான். "நல்லிக்குடி வைரக்கண்ணு!"

நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். அசைவில்லை. அகிலாண்டம் சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்தாள். "தண்ணி வேணாம், டீ போடு" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு மறுபக்கம் சாய்ந்தான். டவாலி இரண்டாம் தரம் கூப்பிட்டான். பெயரெடுத்த கும்பகர்ணன்கூட அதற்குள் எழுந்திருப்பான். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அகிலாண்டம் சொம்பை என் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நான் சொம்போடு பின்னால் ஓடினேன்.

தனி தாசில்தார் நடுவயசுக்காரர், மூக்குக் கண்ணாடி. பஞ்சநதம் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்.

"மனுதாரர் வரலைங்க சார். வரவும் மாட்டான். அவன் லாரி டிரைவர். வாசல்ல நிக்குது பாருங்க, அவன் வண்டிதான். பம்பாய்க்கும் ஊருக்கும் ஓட்டுறவன் எப்ப சார் சாகுபடி பண்ணுவான்? பண்ணை ஆளுங்கதான் செய்யிறாங்க."

வைரக்கண்ணு நாற்பத்தைந்து மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அந்த வண்டியே எதிரிக்குச் சாட்சியாக நின்றது. இது முன்பே எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரும்மா?"

"அவரு சம்சாரங்க. அவரு வெளில தூங்குறாரு. ரெண்டு நாளாத் தூங்காம வந்தாரு. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"பொம்பளைக்கு ஏதுங்க சார் குத்தகை?" என்று பஞ்சநதம் சிரித்தார்.

தாசில்தார் சிரிக்கவில்லை. "குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ உடலுழைப்புப் போடணும்னுதான் சட்டத்துல இருக்கு. இருங்க. முதல்ல நீங்க சொல்லுங்க. அந்த ஒம்பது மாவுல இந்தக் குறுவைக்கு என்ன நெல்?"

"ஏடிடி இருபத்தேழு சார்" என்றார் பஞ்சநதம் கொஞ்சமும் தயங்காமல். ஊரில் பாதிப் பேர் போட்டிருந்தது அதுதான்.

"நீ சொல்லும்மா."

"மொதல்ல அதுதாங்க விட்டோம். அவரு தெளிச்சிட்டுப் போனாரு. மறுவாரம் மழை பிடிச்சு நாத்தங்கால்ல தண்ணி நின்னு எல்லாம் அழுகிப்போச்சு. அப்புறம் நான் டிப்போவுல கருணா விதை வாங்கி மறுபடி விட்டேன். இப்ப நிக்கிறது கருணாங்க."

மடியிலிருந்து நாலாய் மடித்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். விவசாய டிப்போ விதை ரசீது. பெயர் அகிலாண்டம், நல்லிக்குடி என்று இருந்தது.

தாசில்தார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடவுக்கு எத்தனை ஆள்?"

"பன்னெண்டு பேருங்க. என்னோட பதிமூணு."

"தண்ணி எப்படி வருது?"

"வாய்க்கா மடைலேருந்து நேரா ஏறாதுங்க, நம்ம வயலு மேடு. ராசம்மாள் வயலை நெரப்பி, அதுலேருந்து வெட்டிவிடணும். அதுக்குத்தான் அவங்களோட சண்டை."

பஞ்சநதம் வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்திருந்தார். தாசில்தார் அகிலாண்டத்தின் காலைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. எழுதினார். திங்கட்கிழமை தானே வயலுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்தோம். சொம்பு இன்னும் என்னிடமே இருந்தது. அவள் அதை வாங்கி மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, வைரக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டினாள்.

"எழுப்பிச் சொல்லுவோமா?" என்றேன்.

"தூங்கட்டும் அண்ணே."

மூன்றரை மணிக்கு அவன் விழித்தான். வெயில் வராந்தாவின் மறுபக்கம் போயிருந்தது. கூட்டம் கலைந்து, டவாலி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் சுற்றும் முற்றும் பார்த்தான். அப்புறம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கலியபெருமாள் செத்த அன்றுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அப்பா வச்சிட்டுப்போன நெலத்தைத் தூங்கித் தொலைச்சிட்டேனே!"

அகிலாண்டம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒண்ணும் தொலையல. நான் போயி சொல்லிட்டேன்."

"நீயா? என்ன கேட்டாங்க?"

"என்ன நெல்லுன்னு கேட்டாங்க."

"ஏடிடி இருபத்தேழுன்னு சொன்னியா?"

"அது அழுகிப்போச்சுங்க. இப்ப நிக்கிறது கருணா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"வந்தா தூங்குறீங்க. எப்ப சொல்றது?"

அதில் குத்தலே இல்லை. இருந்ததைச் சொன்னாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் சத்தம் போட்டுச் சத்தம் போட்டுப் பாடம் பண்ணிய பதில், பஞ்சநதம் சொன்ன அதே பதில். விழித்திருந்தால் அதைத்தான் அவன் தாசில்தாரிடம் ஓங்கிச் சொல்லியிருப்பான். நிலம் அந்த இடத்திலேயே போயிருக்கும்.

அன்று சாயங்காலம் லாரியிலேயே ஊருக்குப் போனோம். அகிலாண்டம் அந்த வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. வாய்க்கால் மதகருகே நிறுத்தச் சொன்னான். இறங்கி வரப்பில் நடந்து வயல் நடுவே போய் நின்றான். கருணா கதிர் வாங்க ஆரம்பித்திருந்தது. குனிந்து ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்தான். பக்கத்து வயலில் நின்ற ஏடிடி இருபத்தேழையும் பார்த்தான். திரும்பி வந்து, "எனக்கு வித்தியாசம் தெரியல புள்ள" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

"நாளைக்குப் பகல்ல காட்டுறேன்" என்றாள் அவள்.

தாசில்தார் சொன்னபடி வந்து பார்த்து, வயலில் உழைக்கிறவள் பெயரிலேயே பதியலாம் என்று எழுதினார். ஐப்பசியில் பதிவேட்டு நகல் தபாலில் வந்தது. நானே பிரித்துப் படித்துக் காட்டினேன். சாகுபடிதாரர்: அகிலாண்டம். கணவர் பெயர்: வைரக்கண்ணு. பஞ்சநதம் அப்பீல் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. மீரா உசேன் தேறி வந்ததும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "ரெண்டு ராத்திரி தூங்காம ஓட்டுனது பெருசில்லப்பா. தூங்க வேண்டிய நேரத்துல சரியாத் தூங்குனான் பாரு, அதுதான் பெருசு!" வைரக்கண்ணுவும் கூடச் சிரிப்பான். பாயிடம் மட்டும் சிரிப்பான். ஒரு விஷயம் பாக்கியிருந்தது. அவள் ஜன்னலில் நின்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவனிடம் சொல்லிவிட்டேன். "நான் இருந்தாலும் அதையேதான்ணே சொல்லியிருப்பேன்" என்றான். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அதற்குப் பிறகும் அவன் பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டினான். ஆனால் தொழில் என்ன என்று கேட்டால் "டிரைவர்" என்பான். ஊரிலிருந்து கிளம்புமுன் வயலைச் சுற்றி வந்து, என்ன நிற்கிறது, எத்தனை நாள் பயிர் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போவான். பதிவேட்டு நகலில் இன்னொரு பிரதி எடுத்து, லைசென்ஸ், பர்மிட்டோடு ஒரே உறையில் வைத்திருந்தான். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டான்.

ஒருமுறை அவனோடு சேலம் வரை போனேன். சோதனைச் சாவடியில் காகிதம் கேட்டார்கள். உறையோடு நீட்டினான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்தவர் நகலைப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா, இங்க எதுக்கு?" என்றார்.

வைரக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே எட்டி விரலால் காட்டினான். "எங்க வீட்டுல சாகுபடி பண்ற நெலம் சார். அவ பேருக்குக் கீழ பாருங்க. என் பேரும் இருக்கு."